கம்ப்யூட்டருக்குள் பெய்த மழை

எண்பதுகளில் ஒரு சாரல் காலத்தில், கீழப்பாவூரில் எங்கள் குளத்துத் தண்ணீரைப் பங்கிட முறை வகுக்க மெட்ராஸிலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். ஒல்லியான ஆள். நனைந்த கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே பேசுவார். புள்ளிவிவரத்துக்கென்று உள்ள கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதி, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஆயிரம் வருஷம் மழை பெய்யவிட்டுப் பார்த்தாராம். வாரம் ஒருநாள் மடை திறந்தால் எல்லா வயலுக்கும் போதும் என்றார்.

அந்த வருஷப் பிசான நெல் சாகுபடியில், வாய்க்காலின் கடைசியிலிருந்த எங்கள் வயல் தண்ணீர் எட்டாமல் கதிர் வருமுன்னே கருகியது.

தை மாதம் அவர் மறுபடி வந்தார். ஆண்கள் முன்னால் வாயே திறக்காத நான், கருகிய பயிரை அவரிடம் நீட்டினேன்.

"ஒங்க கம்ப்யூட்டர்ல எங்க வயலு எங்கன இருக்கு, சார்?"

சாரலே இல்லை, ஆனாலும் கண்ணாடியைத் துடைத்தார். "ஒவ்வொரு வயலா சுத்தி வந்து கணக்குப் போடச் சொன்னா மிஷின் ரொம்ப மெதுவாப் போகுதும்மா. முடிய ஒரு வாரம் ஆகும். அதனால எல்லாத்தையும் சேர்த்து ஒரே வயலாப் போட்டேன்."

"மடை பாக்குத அண்ணாச்சி தெனமும் ஒவ்வொரு வயலாத்தான் நடக்காரு. ஆயிரம் வருஷ மழையப் பாத்த ஒங்களுக்கு ஒரு வாரம் பொறுக்க முடியலையோ?"

அவர் பயிரை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு தென்காசி பஸ் ஏறிவிட்டார். அதை எதற்குக் கொண்டுபோனார் என்று இன்றுவரை புரியவில்லை. என் கோபமும் ஆறவில்லை.