சீருக்கு முன்னால் போன மாமன்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மணமேல்குடிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், ஒரு கருவேலங்காட்டுக்குள் பட்டு வேட்டி சட்டையோடு ஒளிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் என் தம்பி செந்தில். அவனும் பட்டு வேட்டி. எங்களுக்குப் பின்னால், மர நிழலில், இரண்டு டர்போ கார்கள்.

யாரையும் அடித்துவிட்டு ஓடி வரவில்லை. நாங்கள் தாய்மாமன்கள். குற்றம் அவ்வளவுதான்.

எங்கள் தங்கை செல்வியை மணமேல்குடியில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் மகள் யாழினிக்கு அன்று காதுகுத்து. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் லேசுப்பட்ட காரியமில்லை. வாழைத்தார், பழத்தட்டு, பட்டுப்பாவாடை, தோடு, ஆட்டுக்கிடா... எல்லாம் ஊர் எல்லையில் இறங்கி, மேளத்தோடு, வெடிச் சத்தத்தோடு நடந்து போய்ச் சேர வேண்டும். செல்வி ஒரு மாதமாக போனில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணே, எங்க ஓரகத்தியோட அண்ணன்மாரு சீர் கொண்டாந்ததை ஊர்ல இன்னமும் பேசுறாங்க. நீங்க வார்றதையும் நாலு பேரு பேசணும். வேற எதுவும் எனக்கு வேணாம்."

பேசத்தான் பார்த்தார்கள்.

போன வருடம் நான் ஒரு செடான் வாங்கினேன். ஒன்றரை லிட்டர் டர்போ. மூன்றே மாதத்தில் தம்பியும் ஒன்று வாங்கினான் — வேறு கம்பெனி, ஒரு லிட்டர் டர்போ. "ஒரு லிட்டரா? பால் வாங்கப் போனியா, கார் வாங்கப் போனியா?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். அடுத்த வாரமே திருச்சிக்குப் போய்க் காரை 'ட்யூன்' செய்துகொண்டு வந்து நிறுத்தினான்.

ட்யூனிங் என்றால் என்ன? காருக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. எஞ்சினுக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல் என்று அளந்து ஊட்டுவது அதுதான். கம்பெனிக்காரர்கள் எஞ்சினைப் பத்தியச் சாப்பாட்டில் வைத்திருக்கிறார்களாம். லேப்டாப்பை மாட்டிப் பத்தியத்தை முறித்துவிட்டால் அதே எஞ்சின் எழுந்து ஓடுமாம். இதற்குப் பெயர் ஸ்டேஜ் ஒன். இதற்கு மேல் ஸ்டேஜ் டூ, ஸ்டேஜ் த்ரீ எல்லாம் உண்டாம். கேட்கவே ஆஸ்பத்திரிச் சமாச்சாரம் மாதிரி இல்லை?

நானும் விடவில்லை. "என் எஞ்சினுக்குள்ளயும் நெறைய இருக்குடா. நான் வெளிய எடுக்கல, அவ்வளவுதான்" என்றேன். அன்றிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு — பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட யாருக்கு எத்தனை நொடி? பெரியப்பா ஒருவர் குழுவைவிட்டே வெளியேறினார். 'டர்போ லேக்' என்று ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் சற்று யோசித்துவிட்டு, அப்புறம்தான் பாயும். தம்பி இதை விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் மனைவி சொன்னாள்: "எங்க வீட்லயும் அப்படித்தான். கூப்புட்டா ரொம்ப நேரம் கழிச்சுத்தான் எந்திரிப்பாரு. பாயுறதை மட்டும் நான் இன்னும் பாக்கல."

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

புதுக்கோட்டையிலிருந்து சீரெல்லாம் ஒரு குட்டியானை டெம்போவில் ஏறியது. கூடவே ஒரு வேனில் சொந்தபந்தம், மேளக்காரர்கள். எங்கள் இருவர் மனைவிமாரும் வேனில்தான். எங்கள் கார்களில் ஏறுவதில்லை என்று ஏற்கெனவே கூடிப் பேசி முடிவெடுத்திருந்தார்கள்.

அறந்தாங்கியைத் தாண்டியதும் ஒரு நேர் ரோடு. ஆளில்லை, ஆடில்லை. தம்பி என் காருக்குப் பக்கத்தில் வந்து நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான். ஒரு சிரிப்புச் சிரித்தான். போனில் வேகம் அளக்கிற ஆப்பைத் திறந்து காட்டினான்.

செய்தது தப்புதான். இந்த வயதில், அதுவும் பொது ரோட்டில். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் உங்களுக்கு ஒரு தம்பி இருந்து, அவன் அப்படிச் சிரித்திருந்தால் தெரியும்.

முடிவு? என் போன் நான் ஜெயித்ததாகச் சொன்னது. அவன் போன் அவன் ஜெயித்ததாகச் சொன்னது. சரி, இன்னொரு தடவை... சரி, கடைசியாக ஒரு தடவை... இப்படியே மணமேல்குடி வந்துவிட்டது.

அப்போது என் மனைவியிடமிருந்து போன். "ஏங்க, எங்க இருக்கீங்க?"

"எல்லைக்கே வந்தாச்சு" என்றேன் பெருமையாக.

"நாங்க இன்னும் அறந்தாங்கியே தாண்டல. வாழைத்தாரு சரிஞ்சுடும்னு குட்டியானை டிரைவரு நாப்பதுக்கு மேல போக மாட்டேங்குறாரு. இந்தாங்க, சொல்லிட்டேன்... சீர் இல்லாம ஊருக்குள்ள மட்டும் போயிடாதீங்க."

அப்போதுதான் உறைத்தது. சீர் இல்லாமல் மாமன் மட்டும் போய் இறங்கினால்? வெறுங்கையை வீசிக்கொண்டு வந்த மாமன் என்ற பெயர் யாழினியின் பேத்திக்குக் காது குத்துகிறவரைக்கும் நிற்கும். செல்வி தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? ரோட்டில் அவள் புகுந்த வீட்டு ஆட்கள் பைக்கில் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஒளிவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஒன்பதரைக்குச் செல்வியே கூப்பிட்டாள். "அண்ணே, பத்தரைக்கெல்லாம் முடிச்சாகணுமாம். ஆசாரி பதினொன்னரைக்கு மீமிசல்ல இன்னொரு காதுகுத்து ஒத்துக்கிட்டாராம். சீக்கிரம் வந்துருவீங்கல்ல?"

"வந்துக்கிட்டே இருக்கோம்மா" என்றேன். முள்ளுக்கு நடுவில் நின்றபடி தங்கையிடம் பொய் சொல்வது எவ்வளவு கேவலம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

போனை வைத்த நேரத்தில் ஒரு மொபெட் சத்தம் ரோட்டிலிருந்து இறங்கி எங்களை நோக்கி வந்தது. ஓட்டி வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். நெற்றியில் சந்தனம், ஹேண்டில்பாரில் ஒரு சின்னத் தோல் பை.

"என்ன தம்பி, ரிப்பேருங்களா?"

"ஆமாண்ணே, எஞ்சின் சூடாயிருச்சு" என்று சமாளித்தேன்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "அவரு காரு சூடாகும். என் காரு சூடாகாது."

அவர் எங்கள் வேட்டியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தாய்மாமனுங்களா? சீரு பின்னாடி வருதாக்கும். நான் பாத்தேனே... ஒரு டீக்கடையில மேளக்காரங்க டீ குடிச்சிக்கிட்டு இருந்தாங்க. முந்திக்கிட்டுத்தான் வாரேன். நான்தான் காது குத்துற ஆசாரி."

எங்கள் முகம் போன போக்கைப் பார்த்து மொபெட்டை ஸ்டாண்ட் போட்டார். "பயப்படாதீங்க. நான் போனாத்தான மாமன் வரலைன்னு தேடுவாங்க? நானே வரலைன்னா ஆசாரியத்தான் திட்டுவாங்க. எனக்கு அது பழக்கம்தான்."

"மீமிசல் போகணுமேண்ணே?"

"என் மொபெட்டுக்கு ஒரு மணி நேரம். ஒங்க காருக்கு?"

"இருவத்தஞ்சு நிமிஷம்" என்றேன்.

"இருவது" என்றான் தம்பி.

ஒப்பந்தம் முடிந்தது. பத்தேகாலுக்குக் குட்டியானை ஆடி ஆடி வந்து சேர்ந்தது. ஆசாரி ஐந்து நிமிடம் முன்னால் போய், தாமதத்துக்காக வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டார். பின்னாலேயே நாங்கள் தலையில் தட்டோடு, மேளத்தோடு, வெடியோடு போய் இறங்கினோம். செல்வியின் ஓரகத்தி வாசலுக்கு வந்து வரிசையாகத் தட்டுகளை எண்ணியதை நானே பார்த்தேன். செல்வி எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே... தலையிலிருந்த தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

வலது காது என் மடியில், இடது காது தம்பி மடியில் என்று அவள் முன்பே தீர்ப்புச் சொல்லியிருந்தாள். ஆசாரி இரண்டு காதையும் கண்மூடித் திறப்பதற்குள் குத்திவிட்டார். என்ன ஒரு கை, கொஞ்சமும் ஆடாத கை. யாழினி எந்த மடியில் குறைவாக அழுதாள் என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் முடிவு வரவில்லை.

பத்து ஐம்பத்தைந்துக்கு ஆசாரியைத் தம்பி தன் காரில் ஏற்றினான். மொபெட்டை அங்கேயே விட்டுவிட்டார். நான் என் காரில் பின்னால். நான் எதற்கு? கேட்காதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வேறு, பளபளவென்று கிடந்தது.

பதினொன்று இருபதுக்கு மீமிசல் மண்டபம். ஆசாரி கதவைத் திறந்தார். ஒரு காலை வைத்தார். சற்று நேரம் கதவையே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வலது கையை முகத்துக்கு நேராக நீட்டிப் பார்த்தார்.

கை கிடுகிடுவென ஆடிக்கொண்டிருந்தது.

"இந்தக் கையால புள்ளை காதைத் தொட முடியாது தம்பி. செத்த உக்காரணும்" என்றார். ஒரு நாற்காலி வந்தது. தண்ணீர் வந்தது. டீ வந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கையை நீட்டிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மடக்கிக்கொள்வார். ஊசி பிடிக்கிற அளவுக்கு அது அடங்கியபோது மணி பதினொன்று ஐம்பது. மணமேல்குடியிலிருந்து மொபெட்டில் கிளம்பியிருந்தாலும் அந்நேரத்துக்குத்தான் வந்திருப்பார்.

அந்த அரை மணி நேரமும் மீமிசல் குழந்தையின் தாய்மாமன் எங்களையே முறைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து வந்தார். சரி, வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

"அண்ணே" என்று குரலைத் தாழ்த்தினார். "நூறு எத்தனை செகண்ட்ல தொடும்?"

வேலை முடிந்து ஆசாரி வெளியே வந்தார். மொபெட் மணமேல்குடியில் நிற்கிறதே, யார் காரில் வருகிறார்? நானும் தம்பியும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்துவிட்டு நின்றோம். அவர் தோல் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் கும்பிட்டார்.

"பஸ்ஸு இருக்கு தம்பி."