செத்துக் காட்டும் நர்சம்மா

மாரிராஜின் சட்டைப் பைக்குள் கையை விட்டுச் செல்போனை எடுக்கிறார் சுகுணா. அனுமதி கேட்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

“சார்ஜ் பதினொண்ணு. ஏய்யா, எட்டு மாசப் பிள்ளத்தாச்சிப் பொண்டாட்டிய வச்சிக்கிட்டு பதினொண்ணுல நடமாடுதியே, வெக்கமா இல்ல?”

சுகுணா, நாகலாபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு நர்சு. வயது ஐம்பத்திரண்டு. கரிசல் மண் அப்பிய ஸ்கூட்டி, பிரஷர் பார்க்கும் கருவி, தெருக்கோடிக்குக் கேட்கும் குரல். கர்ப்பிணிக்குப் புத்தி சொல்வதோடு விடமாட்டார். புருஷனுக்கும் மாமியாருக்கும் பரீட்சை வைப்பார். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் பருத்திக் காட்டுக்கு நழுவும் ஆண்கள் உண்டு. சுகுணா வண்டியைக் காட்டுக்கே விடுவார்.

அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் உடன் போன அன்று, மாரிராஜ் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

“நாந்தான் உம் பொண்டாட்டி செல்வமாரி. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்கி. கண்ணு மங்குது. என்ன செய்வ?”

மாரிராஜ் யோசித்தார். “தைலம் தேய்ப்பேன்.”

“சரி, நான் செத்துட்டேன்.” நாக்கை ஒரு பக்கம் தள்ளி, அப்படியே சாய்ந்துவிட்டார்.

“வாயக் கழுவு தாயி!” மாமியார் பாலம்மாள் பதறினார்.

சுகுணா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “செத்தவளத் திட்டாதீங்க மயினி. இப்பிடி வலிச்சா பிரஷர் ஏறுதுன்னு அர்த்தம். ஒடனே நூத்தியெட்டக் கூப்பிடணும்.”

செல்வமாரிக்குச் சிரிப்பில் வயிறு குலுங்கியது.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம். உளுந்து புடைத்துக்கொண்டிருந்த செல்வமாரி தலையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். சுளகு இரண்டாகத் தெரிகிறது என்றாள். பாலம்மாள் தைலப் புட்டியைத் தேடி ஓடினார்.

“எம்மா, அதத் தொடாத! தேய்ச்சா நர்சம்மா செத்துருவாக!” உளறலாகக் கத்திவிட்டு, ஆம்புலன்சைக் கூப்பிட்டார் மாரிராஜ்.

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் நூற்றெழுபது. அன்று மாலையே ஆபரேஷன். பெண் குழந்தை, இரண்டு கிலோ சொச்சம்.

மறுநாள் சுகுணா போனபோது நானும் போயிருந்தேன். மாரிராஜ், முகமெல்லாம் பல்லாகக் குழந்தையை நீட்டினார்.

“மொதல்ல பிள்ளைய வாங்குங்க நர்சம்மா,” என்றார் பாலம்மாள்.

“இரிங்க மயினி. பெத்த பொறவும் பிரஷர் ஏறும். மொதல்ல கால் வீக்கத்தப் பாக்கணும்.”

செல்வமாரியின் சேலையைக் கணுக்காலுக்கு மேல் விலக்கி, வீங்கியிருந்த காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். நீட்டிய குழந்தை நீட்டியபடியே இருக்க, விரல் பதிந்த குழி மேலெழும்பும் வரை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.