அக்காவுக்காகப் பார்த்த மெட்ராஸ்

மெட்ராஸில் என்னென்ன பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் போதும், கடற்கரை, கலங்கரை விளக்கம், எல்.ஐ.சி. கட்டடம், மியூசியம் என்று மூச்சு விடாமல் சொல்லிவிடுவேன். அத்தனையும் என் அக்காவுக்காகப் பார்த்தவை.

அக்காவைக் கொட்டாம்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். அத்தான் இல்லை. ஒரே மகளுக்குப் பரிசம் போட்டிருந்த நேரத்தில் அக்காவுக்கு மார்பில் கட்டி. மதுரை டாக்டர், மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். தாய்க்கு அந்த வியாதி என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்களே! "தம்பி பட்டணம் சுத்திக்காட்டக் கூட்டிட்டுப் போறான்" என்று மகளிடமும் ஊரிடமும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

எங்கள் பக்கம் பட்டணம் போய்வந்தவரை லேசில் விடமாட்டார்கள். குழாயடியில் நிறுத்தி ஒன்றுவிடாமல் கேட்பார்கள். அந்தப் பயம் அவளுக்கு. ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்டு வைத்த பிறகு அவளால் எழுந்து நடக்கவே முடியவில்லை. "எனக்குப் பதிலா நீ போயிப் பாத்துட்டு வாடா" என்றாள்.

பகலெல்லாம் சுற்றுவேன். சாயங்காலம் கட்டிலோரம் உட்கார்ந்து ஒப்பிப்பேன்.

"லைட்ஹவுஸ் மேல இருந்து பாத்தா மனுசங்க எம்புட்டுத் தண்டி தெரியிறாங்க?"

"புளியங்கொட்டத் தண்டிக்கா."

"லிப்டுல போறப்ப வயித்தக் கலக்குச்சா?"

"கவனிக்கலையேக்கா."

"நல்லாப் பாத்த போ! எதுத்த வீட்டுக்காரி மொதல்ல அதத்தான்டா கேப்பா. நாளைக்கு இன்னொருக்கா ஏறிட்டு வா."

ஏறினேன். கலக்கத்தான் செய்தது.

ஊர் திரும்பியதும் குழாயடியில் கூட்டம். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நான் கண்டதைவிட அழகாகச் சொன்னாள் அக்கா. "இவன் இருக்கானே, மேல ஏறுனதும் பயந்துபோயி என் கையப் புடிச்சுக்கிட்டான்" என்று என்னை வேறு இழுத்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். தையில் கல்யாணம் குறையில்லாமல் நடந்தது.

ஆடியில் அக்கா போய்விட்டாள். மஞ்சக்காமாலை என்று சொல்லிவைத்தோம்.

எங்கள் பக்கத்து ஒப்பாரியில் செத்தவர் வாழ்ந்த வாழ்க்கையெல்லாம் வந்துவிடும். அவளைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் அழுதார்கள். கடலில் கால் நனைத்தவளே என்றார்கள். மேகம் தொடும் விளக்கில் ஏறி நின்றவளே என்றார்கள்.

மகள் என் தோளில் சாய்ந்து கேட்டாள்: "ஒருதரமாச்சும் எங்கம்மா சந்தோசமா ஊரச் சுத்துச்சுல்ல மாமா?"

சம்பந்தியம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஆமாத்தா. எல்லாம் பாத்துச்சு" என்றேன்.