ஆர்லீன் ஆர்டரை எழுதிக்கொள்வதில்லை

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் ஆர்லீன் மசூரிடம் போய், "எழுதிக்கங்க, மறந்துடப் போறீங்க" என்று சொன்ன ஒரே ஆள் ஒரு வெளியூர்க்காரர். அன்றைக்கு அவருடைய சோடாவுக்கு ஐஸ் வரவே இல்லை. மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் ஆர்லீன் சிரித்த முகத்தோடு தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஃபுஸ்கோ பீட்சா கடையில் அவள் சர்வராகச் சேர்ந்து முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. வயது அறுபத்தேழு. முழங்கால்களில் ஒன்று பிறந்தபோது வந்தது, இன்னொன்று டாக்டர் வைத்தது. கணவன் ஸ்டான் ஒரு வாரம் மீன் பிடித்துவிட்டு வருகிறேன் என்று ஃப்ளோரிடா போனான். பத்தொன்பது வருடமாக அங்கே மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான். குழந்தை இல்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் யாருக்கு வெங்காயம் ஆகாது, யாருக்கு ஓரம் கருகியிருக்க வேண்டும், எந்த வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை, ஆகவே யாரை எந்த பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினாலும் கையைக் கட்டிக்கொண்டு கேட்பாள், உள்ளே போவாள், பன்னிரண்டும் சரியாக வரும். கல்யாணப் பெண் நகையைக் காட்டுவதுபோல் அவள் இந்தத் திறமையைக் காட்டிக்கொண்டே இருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வினை பழைய முதலாளியின் மகன் நெல்லோ ரூபத்தில் வந்தது. அப்பா ஓய்வெடுத்துக்கொண்டதும் கடை அவன் கைக்கு வந்தது. வந்த கையோடு கண்ணாடித் திரை வைத்த மெஷின்கள் நாலு வாங்கினான். அதில் விரலால் தொட்டால் அடுப்பங்கரையில் சீட்டு அச்சாகி வருமாம்.

"ஈஸ்டர்லேருந்து எல்லாரும் இதுலதான் ஆர்டர் போடணும் ஆன்ட்டி."

"டேய், நீ தவழ்ற வயசுல இந்த மேஜைக்கடியில நீ பண்ணி வெச்சதையெல்லாம் தொடைச்சவ நானு. எனக்கு மெஷின் காட்டுறியா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இல்லைதான். சம்பந்தம் இல்லாததால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. கடை நிறைய ஆள் இருக்க, உரத்த குரலில் சவால் விட்டாள். "ஈஸ்டருக்குள்ள என் கையால ஒரே ஒரு தப்பு ஆர்டர் போகட்டும், அன்னைக்கே ஏப்ரனைக் கழட்டி மாட்டிட்டு வீட்டுக்குப் போயிடறேன். போகலன்னா, இந்தச் சனியன் என் பக்கமே வரக் கூடாது. சரியா?"

"சரி" என்றான் நெல்லோ. வேறென்ன சொல்வான்? மறுநாள் ஞாயிறு பூசைக்குள் அந்த சர்ச்சைச் சேர்ந்த பங்கு முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதுதான் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்பது ஆர்லீனுக்கு உறைத்தது. ஏனென்றால் கொஞ்ச நாளாகவே அவளுக்குச் சில விஷயங்கள் நழுவிக்கொண்டிருந்தன. பால் டப்பாவை அலமாரியிலும் சாவியை ஃபிரிட்ஜிலும் வைத்திருந்தாள். சொந்த அக்கா மகளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இதையெல்லாம் யாரிடமும் அவள் சொல்லவில்லை. வேலை போனால் சம்பளம் போகும், அது பெரிதில்லை. தினமும் மூன்று மணிக்குத் தலைவாரி, உதட்டுக்குச் சாயம் பூசிக் கிளம்புவதற்கு ஓர் இடம் இல்லாமல் போகும். 

ஈஸ்டருக்கு ஒன்பது நாள் இருக்கும் வெள்ளிக்கிழமை வரை ஒரு தப்பும் நடக்கவில்லை. அன்று மாலை ஆறு மணிக்கு கோஸ்டிகன் குடும்பம் வந்தது.

அவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறவர்கள், மொத்தம் ஒன்பது பேர். தலைவர் டென்னி, தீயணைப்புப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி நோரீன். டென்னியின் அண்ணன் ஃபாதர் எம்மட், அந்தப் பங்கின் சாமியார். டென்னியின் மகள் மேவ், பதினோரு வருடமாக இறைச்சி தொடாதவள், தொடுகிறவர்களைச் சும்மா விடாதவள். அவளுடைய ஆறு வயது மகள் பிரைடி. மற்ற நாலு பேர் டென்னியின் மகனும் மருமகளும் அவர்களுடைய இரட்டையரும்.

மற்ற மாதங்களில் அவர்களுக்குப் பன்றிக்கறிச் சாசேஜ் போட்ட பெரிய பீட்சா இரண்டு, மேவுக்கு மட்டும் காளான் போட்டுச் சின்னதாக ஒன்று. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்து வெள்ளியில் சுத்தபோசனம், யாருக்கும் இறைச்சி கிடையாது. மூன்றுமே வெங்காயமும் ஆலிவும். அந்த வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மேவ் சொல்வதுபோல் மொத்தக் குடும்பமும் சாப்பிடும். அவளுக்கு அதில் ஒரு பெருமை.

"வழக்கம்போலத்தான் ஆர்லீன்" என்றார் டென்னி. "தவக்கால வழக்கம்."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று அவர் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு அவள் உள்ளே போனாள்.

கால் மணி நேரத்தில் மூன்று தட்டுகளையும் கொண்டுவந்து வைத்தாள். ஃபுஸ்கோவில் சீஸ் மேலே, மற்றதெல்லாம் அதற்குக் கீழே. பீட்சா சதுரம் சதுரமாக வெட்டியிருக்கும். வைத்த மாத்திரத்தில் மூலை மேஜையிலிருந்து விதவை திருமதி டூலன் கரண்டியால் கிளாஸைத் தட்டிக் கூப்பிட்டாள். ஆர்லீன் ஓடினாள்.

பிள்ளைகளுக்கு ரூட் பியர் சோடா எடுத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது கோஸ்டிகன் மேஜை அமைதியாக இருந்தது. அந்த மேஜை அமைதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. ஃபாதர் எம்மட் சாப்பாட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். வழக்கமாக அவர் ஜெபம் தொடங்குவதும் முடிவதும் தெரியாது, பசிக்காரர். இன்றைக்கு ஒரு கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தார், மூடினார், மேலும் கொஞ்சம் ஜெபித்தார். பிறகு பெருமூச்சு விட்டு முதல் துண்டை எடுத்தார்.

"அம்மா, இதுல வந்து..." என்று பிரைடி வாயைத் திறந்தாள். டென்னி அந்த வாய்க்குள் ஒரு சதுரத்தைத் திணித்தார்.

"என்ன, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க? பீட்சா சரியில்லையா?"

"பிரமாதம்!" என்றார்கள் ஐந்தாறு பேர் ஒரே குரலில்.

மேவ் கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்றாள், கஷாயம் குடிப்பதுபோல் பீரைக் குடித்தாள், இன்னொரு துண்டு எடுத்தாள். காதலன் யாரோடாவது சண்டையாக இருக்கும் என்று ஆர்லீன் நினைத்துக்கொண்டாள்.

காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனபோது சமையல்காரர் எஃப்ராயின் மாவுக் கையைத் துடைத்தபடி கேட்டார். "ஆர்லீன், ஃபாதர் இன்னைக்கு விலக்கு ஏதாவது குடுத்திருக்காரா? தெரிஞ்சிருந்தா நானும் மத்தியானம் கறி சாப்பிட்டிருப்பேன்."

"என்ன விலக்கு?"

"நீதானே வந்து கோஸ்டிகன் மேஜை, வழக்கம், மூணும் ஒரே மாதிரின்னு கத்தின. வழக்கம்னா சாசேஜ். மூணுலயும் அதையே போட்டேன். காலைலேருந்து ஒருத்தரும் கேக்கல, அதனால நெறய மீந்திருந்துச்சு, கைநெறய அள்ளிப் போட்டேன். ஃபாதரே உக்காந்திருக்காரே, அவர்ட்ட கேக்காமயா சொல்லியிருப்பன்னு விட்டுட்டேன்."

ஆர்லீன் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மெல்ல வைத்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த சின்னக் கறித்துண்டு ஒன்றை விரலால் எடுத்துப் பார்த்தாள். சாசேஜேதான்.

"நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார் எஃப்ராயின். அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் சொன்னார்.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நெல்லோ கல்லாவில் செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது நாள் பல்லைக் கடித்தால் போதும். இதெல்லாம் அவளுக்கு அந்தக் கணமே தோன்றியது, தோன்றவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்கு முன்பே கால் நேராக கோஸ்டிகன் மேஜைக்குப் போய் நின்றுவிட்டது.

"என்ன பீட்சா சாப்பிட்டீங்க?"

ஒன்பது பேரும் மேஜை விரிப்பைப் பார்த்தார்கள்.

"பிரைடி, நீ சொல்லுடா கண்ணு."

"சொல்லக் கூடாதாம்" என்றாள் பிரைடி. "சொன்னா உங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். சாசேஜுன்னு சொல்லவே கூடாதாம்."

நோரீன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வெக்கமா இல்ல உங்களுக்கு?" ஆர்லீன் குரலை அடக்கித்தான் திட்டத் தொடங்கினாள், அது பாதியிலேயே அடங்காமல் போனது. "தவக்காலம், வெள்ளிக்கெழம, சாமியார பக்கத்துல வெச்சுக்கிட்டு! ஃபாதர், நீங்களுமா? 'ஆர்லீன், இதத் திருப்பி எடுத்துட்டுப் போ'ன்னு ஒரு வார்த்தை! பொய் சொல்லலாமா நீங்க?"

"நான் எங்க பொய் சொன்னேன்?" என்றார் ஃபாதர் எம்மட். "என் வாய் நெறய பீட்சா இருந்துச்சு. மென்னுக்கிட்டே பேசறது மரியாத இல்ல."

"மேவ்! பதினோரு வருஷம்டி!"

"நாலே துண்டுதான்" என்றாள் மேவ். பிறகு சின்னக் குரலில், "நடுத்துண்டு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"திருப்பி அனுப்பினா நெல்லோவுக்குத் தெரிஞ்சிரும் ஆர்லீன்" என்றார் டென்னி. "நீ போயிருவ. வெள்ளிக்கெழமையில நாங்க யாருகிட்ட திட்டு வாங்கறது?"

 தப்பே செய்யாதவள் என்பதற்காகத்தான் இவர்கள் தன்னிடம் வருகிறார்கள் என்று முப்பத்தெட்டு வருடமாக ஆர்லீன் நம்பிக்கொண்டிருந்தாள். அதற்காக இல்லையாம். அழுகையும் வந்தது, அறைய வேண்டும்போலவும் இருந்தது. யாரை அறைவது என்று தெரியாததால் கல்லாவுக்குப் போனாள்.

"நெல்லோ, கோஸ்டிகன் மேஜைக்கு ஆர்டரத் தப்பாக் குடுத்துட்டேன். மறந்துட்டேன்டா. கொஞ்ச நாளாவே மறக்குது."

 திருமதி டூலன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

நெல்லோ அவளைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான். "டென்னி, நீங்க என்ன ஆர்டர் பண்ணீங்க?"

டென்னி பதில் சொல்வதற்குள் ஃபாதர் எம்மட் எழுந்து நின்றுவிட்டார். சுற்றிலும் அவருடைய பங்கு மக்கள். ஒரு மேஜை விடாமல் மீனும் சீஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர் வாயில் பீட்சா இல்லை.

"சாசேஜ்" என்றார், பிரசங்கக் குரலில். "நான்தான் கேட்டேன். மூணுலயும் சாசேஜ். தப்பு என்னோடது."

யாரோ இருமினார்கள். நாளைக் காலைக்குள் இது பிஷப் வரைக்கும் போகும் என்று கடையில் இருந்த எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"உக்காருங்க ஃபாதர்" என்றாள் ஆர்லீன். மூக்கை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். "இவர் சொல்றது பச்சப் பொய் நெல்லோ. என்னைக் காப்பாத்த ஒரு சாமியார் ஊர்முன்ன மானத்த விடறார். இதுக்கு மேல எனக்கு என்னடா வீம்பு?"

"அப்ப... கழட்டிட்டுப் போகப் போறீங்களா ஆன்ட்டி?" நெல்லோவின் குரல் சவால் ஏற்ற நாளில் இருந்ததுபோல் இல்லை.

"போயிட்டா இவங்களை யாரு திட்டுறது? அந்தச் சனியனைக் குடு. எங்க தொடணும்னு காட்டு."

அவன் காட்டினான். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோஸ்டிகன் மேஜைக்கு வெங்காயமும் ஆலிவும் போட்ட பீட்சா ஒன்று என்று அவள் தொட்டாள். நடந்ததற்கு ஈடாக அவள் தரும் பீட்சா அது. தொட்டது பதிந்ததா என்று சந்தேகமாக இருந்தது. மறுபடி தொட்டாள். அப்புறம் கொஞ்சம் அழுத்தித் திரும்பத் திரும்பத் தொட்டாள்.

அடுப்பங்கரையில் சீட்டு அச்சாகத் தொடங்கியது, நிற்கவில்லை. எஃப்ராயின் முழ நீளக் காகிதத்தோடு வெளியே ஓடி வந்தார்.

"பதினாலு பீட்சாவா? யாரு இதப் போட்டது?"

"ஆன்ட்டி!" என்றான் நெல்லோ.

"என்னை ஏண்டா பாக்கற?" என்றாள் ஆர்லீன், சட்டென்று பழைய குரலில். "நானா மெஷின் வாங்கினேன்? எஃப்ராயின், பதினாலையும் போடு. கடையில ஒருத்தரும் எழுந்துக்கக் கூடாது. சாசேஜ் கெடையாது."

யாரும் எழுந்துகொள்ளவில்லை.