முழங்கையைக் காட்டியவள்

கோவிந்தம்மாளுக்கு வாய் நீளம். விழுப்புரத்திலிருந்து தில்லிக்கு வந்து இருபது வருடமாகிறது. துவாரகாவில் எங்கள் அடுக்குமாடியில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். காய்கறி வண்டிக்காரனை இந்தியிலேயே திட்டித் தீர்ப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"என்ன ஆச்சு உனக்கு?" என்று அதட்டினேன். எனக்கு அதட்டத்தான் வரும்.

"சொல்ல வெக்கமா இருக்குதும்மா. கீழ ஒரே நமைச்சல். ஒண்ணுக்குப் போனா எரியுது. திரிஞ்ச பால் கணக்கா வெள்ளையா படுது." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க நாத்தனாருக்கும் வெள்ளைதான் பட்டுச்சு. கர்ப்பப்பையில புத்துன்னாங்க. ஆறு மாசத்துல போயிட்டா."

"மருந்து ஏதாவது போட்டியா?"

இடுப்பிலிருந்து ஒரு களிம்பை எடுத்துக் காட்டினாள். மருந்துக் கடையில் நின்றவன் ஆண்பிள்ளை. "குஜ்லி" என்று அரிப்பை மட்டும் சொல்லியிருக்கிறாள். எங்கே என்று கேட்டதற்கு முழங்கையைக் காட்டியிருக்கிறாள். அவன் படர்தாமரைக்குக் கொடுத்ததை மூன்று வாரமாக அங்கே தடவி, போதாததற்கு டெட்டால் ஊற்றிக் கழுவிப் புண்ணாக்கி வைத்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் எதையும் மறைக்கப்படாது, தெரியுமோ?" என்று கத்திவிட்டு, ஆட்டோ பிடித்து ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

என்ன தொந்தரவு என்று டாக்டர் இந்தியில் கேட்டார். கோவிந்தம்மாள் மறுபடியும் முழங்கையை நீட்டினாள்! நானே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். முப்பது வருடம் மத்திய அரசு ஆபீஸில் இந்தி பேசியவள் நான். அந்த இடத்துக்கு ஒரு சொல் வரவில்லை. கடைசியில் அவள்தான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "நீச்சே, டாக்டர்ஜி" என்று, கீழே என்பதைச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் திரைக்குப் பின்னால் பரிசோதித்தார். புற்று மாதிரி எதுவும் தெரியவில்லை, பூஞ்சைத் தொற்றாகத்தான் இருக்கும் என்றார். களிம்பையும் டெட்டாலையும் நிறுத்தச் சொல்லி, உள்ளே வைத்துக்கொள்ள ஆறு மாத்திரை எழுதினார். கோவிந்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் உயிர் வந்தது.

இதற்கு முன்பும் வந்ததா என்று கேட்டு, இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவை என்று தெரிந்ததும் டாக்டர் அவள் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை முந்நூற்றுப் பத்து. தாகம் எடுக்கிறதா, அடிக்கடி சிறுநீர் போகிறதா என்று கேட்டார்.

அழுத அழுகையில் அவளுக்கு இந்தி வரவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னாள். குரலில் குறை சொல்கிற சாயல்கூட இல்லை.

"தாகம் கொல்லுதும்மா. ஆனா வேலைக்கு வந்தா தண்ணி குடிக்கறதில்ல. குடிச்சா அடிக்கடி போவணும். நாலு வீட்டுலயும் பாத்ரூம் பக்கம் போவக் கூடாதே."

எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான். என்ன சொல்கிறாள் என்று டாக்டர் என்னிடம் கேட்டார். இந்த முறை எல்லா இந்திச் சொற்களும் எனக்குத் தெரிந்திருந்தன.

"தாகம் எடுக்கிறதாம்" என்று மட்டும் சொன்னேன்.