நூற்றுப் பத்து வோல்ட் மீன்கள்

எலக்ட்ரிக் ரிப்பேர் கடைக்காரனுக்குக் கரண்டைப் பற்றி முக்கால்வாசி தெரிந்தால் போதும். மிச்சத்தை வாய் பார்த்துக்கொள்ளும். ரேடியோவையோ மின்விசிறியையோ இப்படி ஒருவனிடம் கொடுத்துவிட்டு, அவன் சொன்ன கதையை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். கதை சொன்னவனுக்கும் கஷ்டம் உண்டு, அதையும் கேளுங்கள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் என் கடை. அமெரிக்கக் கப்பலில் உலகம் சுற்றியவன் என்று ஏரியா முழுக்க நம்பவைத்திருந்தேன். நான் கப்பலில் ஏறியது மூன்று தடவை. மூன்று தடவையும் கப்பல் கரையில் கட்டிக் கிடந்தது.

தீக்குச்சி

என் தோஸ்து ஏழுமலை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வலை போடுகிற குடும்பத்தில் பிறந்தவன். அவன் பெண்சாதி அஞ்சலை கூடையில் மீன் விற்கிறவள். அமெரிக்கக் கப்பல் சமையல்காரர் ஒருவர், தன் அறையில் வைத்திருந்த கண்ணாடித் தொட்டியையும், நாலு சிவப்பு மீன்களையும், தண்ணீருக்குள் காற்றை ஊதுகிற ஒரு பம்பையும் அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

பம்பின் பிளக்குக்கு இரண்டு தட்டைப் பல். நம் சுவரிலோ உருண்டை ஓட்டை. ஏழுமலை பிளக்கை வெட்டி எறிந்தான். வயரின் தோலை உரித்து ஓட்டைக்குள் விட்டு, கழன்று விழாமல் இரண்டு தீக்குச்சியைச் சொருகினான். நீங்களும் செய்திருப்பீர்கள், வெட்கப்படாதீர்கள். வயர் இரண்டும் ஒட்டிக்கொண்டன. அந்த வெடிச் சத்தத்தில் லைட்ஹவுஸ் விளக்கே ஒரு நிமிஷம் நம் பக்கம் திரும்பி நின்று பார்த்தது என்றுதான் இன்றைக்கும் சொல்லிவருகிறேன். போனது ஃபியூஸ் மட்டும். அதனால்தான் பம்பு பிழைத்தது. அமெரிக்காவில் கரண்ட் நூற்றுப் பத்து வோல்ட், நம்மூரில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒழுங்காகச் சொருகியிருந்தால் அன்றைக்கே கருகியிருக்கும். பம்பைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

“இதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு? கொழம்பு வெச்சிட்டுப் போயேன்” என்றேன். ஏழுமலை சிரிக்கவில்லை.

“பொறந்ததுலேர்ந்து செத்த மீனாத்தான் பாத்துகினு கீறேன் நைனா. இந்த நாலு மீனாவது என் வூட்ல உசுரோட இருக்கட்டும்.”

மாலைக்கண்

இதற்கு முறையான வைத்தியம், வோல்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்பார்மர். என்னிடம் அது இல்லை. இல்லாதவர்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. கரண்ட் போகிற வழியில் ஓர் அறுபது வாட் பல்பைக் கோத்துவிட்டால், பாதியைப் பல்பு தின்றுவிடும். மிச்சம்தான் பம்புக்குப் போகும். அவன் வீட்டுக்குப் போய் அப்படியே கோத்து, பல்பைத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டேன். பம்பு முனகிக்கொண்டே குமிழி விட்டது.

“அந்த பல்பு எதுக்கு நைனா?” என்று ஏழுமலை கேட்டான். ஒரே வரியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் பத்துப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒரு வரியோடு நிறுத்த எனக்கு என்றைக்கு வந்தது? டிரான்ஸ்பார்மர் இல்லாத குறையை மறைக்கவும் வேண்டியிருந்தது. “அமெரிக்கா மீனுக்கெல்லாம் மாலைக்கண்ணுடா. வெளிச்சம் இல்லாங்காட்டி தீனி தெரியாது, கண்ணாடியில மோதிக்கும். நியூயார்க்குல ஒரு மீனுக்கு என் கையாலேயே மூக்குக்கண்ணாடி மாட்டி வுட்டுருக்கேன்” என்றேன். பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏழுமலை மட்டும் மீன்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“கரண்டு போச்சின்னா எண்ணெ வெளக்கு வெச்சாப் போதுமா நைனா?”

கூறு என்ன விலை?

தொட்டியைப் பார்க்க எண்ணூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. ஏழுமலை மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டான். அஞ்சலை வாய் ஓயாமல் திட்டுவாள். ஆனால் கூடையின் அடியில் மிஞ்சுகிற பொடி இறாலைக் கழுவித் தொட்டிக்காக எடுத்துவைப்பவளும் அவள்தான். ஒருநாள் மீன் வாங்க வந்த அம்மாள் ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து, “அந்தச் செவப்பு மீனு கூறு இன்னா வெலை?” என்று கேட்டுவிட்டாள். ஏழுமலை கதவைப் படாரென்று சாத்தினான். வழக்கமாக வாங்குகிறவள், அதோடு வரவில்லை. அஞ்சலை நேரே என் கடைக்கு வந்தாள்.

“எல்லாம் நீ ஏத்தி வெச்ச வெளக்குதான் அண்ணாத்தே. மீனு துன்னாத ஆம்பளைன்னு வெளிய தெரிஞ்சா, எங்க குப்பத்துல எம் புள்ளைக்குப் பொண்ணு குடுப்பாங்களா?”

இருநூறு வாட்

கத்திரி வெயில் காலம். காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஏழுமலை கடைக்குள் ஓடிவந்தான். “மீனுங்க மேலயே வந்து நின்னுகினு வாயத் தொறந்து தொறந்து மூடுது நைனா. பல்பையே பாக்குது.”

தண்ணீர் சூடேறினால் மீனுக்கு மூச்சு முட்டும். காற்றுக்காக மேலே வரும். அது எனக்குத் தெரியும். சாயங்காலம் போய்த் தண்ணீரில் பாதியை மாற்றிவிடலாம் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்ளவும் செய்தேன். ஆனால் கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். “மாலைக்கண்ணு முத்திப்போச்சுடா, வெளிச்சத்துக்கு ஏங்குது” என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஏழுமலை வேறு கடையில் இருநூறு வாட் பல்பு ஒன்று வாங்கிப்போய் மாட்டிவிட்டு வேலைக்குப் போனான். பெரிய பல்பு தனக்கென்று கொஞ்சம்தான் வைத்துக்கொள்ளும். மீதி அத்தனையும் பம்பின் தலையில் இறங்கும். பம்பு பேய் பிடித்த மாதிரி ஊதியதாம். மீனுக்கெல்லாம் இன்றைக்குத் திருநாள் என்று நினைத்துக்கொண்டு அஞ்சலை கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாளாம்.

சாயங்காலம் நான் போனபோது வீடெல்லாம் கருகல் வாடை. பம்பு உருகி, உள்ளே வயரெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது; கரண்ட் முழுக்க இப்போது பல்புக்குத்தான். நாலு மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மேலே அந்தப் பல்பு மட்டும் கண் கூசுகிற மாதிரி எரிந்துகொண்டிருந்தது. ஏழுமலை சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். திட்டுவான் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். “ஏழுமல, அந்த பல்பு வந்து...” என்று ஆரம்பித்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“சாவறதுக்கு மின்னே அதுங்களுக்கு நல்லாக் கண்ணு தெரிஞ்சிருக்கும், இல்ல நைனா?”

தெரிந்திருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மாலைக்கண் புளுகைக் கேட்டு ஊரே சிரித்தது. நம்பினவன் ஒரே ஒருத்தன், பாழாய்ப்போக அவன் வீட்டில்தான் மீன் இருந்தது.