சூடம் ஏற்றும் முன்

பத்திரிகைக்கு எழுதும் அளவுக்குப் படித்தவன் இல்லை, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மிளகு மூட்டைகளைப் பழைய காரில் ஏற்றிக்கொண்டு, மனைவியுடன் கொல்லிமலையிலிருந்து கிளம்பினேன். லேசாகப் பெட்ரோல் வாடை வந்தது. பங்கில் பெட்ரோல் போட்டபோது கையில் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குமிடத்தில் கோயில் இருக்கிறது. வழக்கம்போல் நிறுத்தினோம். முன்சக்கரத்தருகே சூடம் வைத்து அவள் தீக்குச்சி உரசினாள். காற்றில் அணைந்தது.

"ஏனுங்க, கொஞ்சம் மறைச்சு நில்லுங்க."

குனிந்தேன். எஞ்சினுக்கடியில் சொட்டிய பெட்ரோல் சூடத்தை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தது. தீப்பெட்டியோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சாமி காரியத்துல என்னங்க விளையாட்டு?" என்றாள்.

கீழே காட்டினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போதெல்லாம் வாடை வந்தால் உடனே வண்டியை நிறுத்தி, அடியில் பார்க்கிறேன். சூடத்தைக் கோயில் வாசலிலேயே ஏற்றுகிறோம்.

அன்று காரைக் கோயிலருகிலேயே விட்டிருந்தோம்; மறுநாள் மெக்கானிக் வந்து, வெடிப்பு விட்டிருந்த பெட்ரோல் டியூபை மாற்றினார். மிளகு பஸ்ஸில் போனது.